மதகு பூட்டியிருந்த கோடை

பம்ப் ஹவுஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேத்தமங்கலத்துத் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு எங்கள் சின்ன ஏரியின் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. முள்வேலியைப் பிரித்துவிட்டார்கள். காவலில் இருந்தவர்களை மில் வேலைக்கும் ரோடு வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள். வந்த பிள்ளைகளில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். “ஏரிக்குக் காவல் இருந்தீங்களாமே, இன்னா பெரியவரே காவல் அது? தண்ணிய யாருனா தூக்கிக்கினு ஓடிடுவாங்களா?”

நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் போன பிறகு, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று மனதில் உறுத்தியது. வாயால் சொன்னால் முன்னும் பின்னுமாகப் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். ஊரிகத்துக்கு ரயில் வராத காலத்தில் பௌரிங்பேட்டையில் இறங்கி நடந்து வந்தேன். முதலில் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் கல் வாரும் வேலை. ஒரு நாள் சுரங்கத்தின் ஒரு லெவலில் பாறை சரிந்து என் இடது முழங்கால் நசுங்கியது. எலும்பு கூடியது, ஆனால் முட்டி மடங்கவில்லை. ஏணி ஏற முடியாதவனுக்குக் கீழே என்ன வேலை இருக்கிறது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை ஏரிக் காவலுக்கு அனுப்பினார்கள். நொண்டிக்கும் கிழவனுக்கும் கொடுக்கிற வேலை என்று நாங்கள் குடியிருந்த கூலி லைனில் பேசிக்கொண்டார்கள். மிஷன் மாலைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

ஏரி பெரியதல்ல. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். கிழக்கே கல் பதித்த கரையும் அதன் நடுவில் மதகும். மதகிலிருந்து தண்ணீர் மணல் தொட்டிக்குப் போய், வடிந்து, அங்கிருந்து லைன்களின் தொட்டிகளுக்குப் போகும். வடக்கே பெரிய பெரிய பாறைகள். அவற்றின் இடுக்கில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. மேற்கே மேட்டிலிருந்து வரத்துக் கால்வாய் வந்து சேரும் இடம் முழுக்க சம்பும் கோரையும் ஆள் உயரத்துக்கு நிற்கும். தெற்கு மூலையில் கோடி. ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கோடியில் வழிகிற தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் கிராமத்து ஏரிக்குப் போகும். ஏரியின் நடுவே ஒரு மண் திட்டு, அதில் கருவேல மரங்கள்.

குடிக்கிற தண்ணீர் என்பதால் அந்த ஏரியில் துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, சுடக் கூடாது. இதெல்லாம் மனிதர்களுக்காகப் போட்ட சட்டம். ஆனால் மனிதன் கால் வைக்காத இடம் என்பது சுற்று வட்டாரத்துப் பறவைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மலைகளை வெட்டி, மரங்களையெல்லாம் ஷாஃப்டுக்கு முட்டுக் கொடுக்கக் கொண்டுபோய், புகையும் மில் சத்தமுமாக இருந்த இந்த ஊரில் அவற்றுக்கு வேறு போக்கிடமும் இல்லை. சம்புக்குள் தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும். அல்லி இலைமேல் இலைக்கோழி நடக்கும். முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் எங்கிருந்தோ கிளுவை வாத்துகள் வந்து இறங்கும். திட்டின் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். வெள்ளை உடம்பு, மஞ்சள் மூக்கு, வால் பக்கம் ரோஜா நிறத்தில் சிறகு. பெரிய நாரைகளுக்குக் குரல் கிடையாது, மூக்கைத் தட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். குஞ்சுகள்தான் அந்தக் குறையெல்லாம் தீர்த்துக் கத்தும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஓவர்சியர் ஆசீர்வாதம் ஐயா. வேலூர்க்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். ஒல்லியான உடம்பு, கறுப்புக் கோட்டு, கையில் எப்போதும் குடை. எங்களைப் போன்ற காவல்காரர்களையும் “வாங்க, போங்க” என்றுதான் சொல்வார். அந்த நாளில் மைன்ஸில் அது பெரிய அதிசயம். அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது தவறு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் போய் நின்றுகொள்வார், பேச மாட்டார். ஒரு முறை வேலியில் ஆடு நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. என்னோடு காவலில் இருந்த பச்சையப்பன் அதைப் பார்க்கவில்லை. ஐயா அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பச்சையப்பன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்து நடந்து, கடைசியில் அவர் ஏன் நிற்கிறார் என்று புரிந்து முள் வெட்டிக்கொண்டு ஓடி வந்தான். அடைத்து முடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு, “நல்லா இருக்குது” என்று சொல்லிப் போனார்.

மதகை மாலையில் சாத்தி, காலையில் திறப்போம். திறக்கிறதற்கு ஐயா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கரையைச் சுற்றி வர வேண்டும். எலி வளை, நண்டு வளை, கசிவு, செத்த பிராணி எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்குவார். ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஏரித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், முகர்வார், குடிப்பார். அதற்குப் பிறகுதான் சாவி என் கைக்கு வரும். “நாம குடிக்காத தண்ணிய ஜனங்களுக்கு விடக்கூடாது, வேலாயுதம்” என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

சம்பை வெட்டிக் கூரை போடக் கொடுங்கள் என்று காண்ட்ராக்டர்கள் வருவார்கள். கொடுக்க மாட்டார். மேட்டு மண்ணோடு வருகிற தண்ணீர் சம்புக்குள் புகுந்து தங்கித் தெளிந்துதான் ஏரிக்குள் இறங்குகிறது, அது மணல் தொட்டிக்கு முந்தின வடிகட்டி என்பார். சம்பு இருந்ததால் தாழைக்கோழி இருந்தது, மீன் குஞ்சு இருந்தது. மீன் இருந்ததால் நாரையும் நீர்நாயும் இருந்தன. இதை அவர் பாடமாகச் சொன்னதில்லை. அங்கேயே நாள் முழுக்க நின்றால் எவனுக்கும் தெரிந்துவிடும்.

ஒரு குளிர்காலத்தில் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த இரண்டு துரைமார் துப்பாக்கியும் நாயுமாகக் கிளுவை சுட வந்துவிட்டார்கள். வேலிக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். நாங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐயா வந்து சலாம் வைத்து, இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொல்லிச் சம்பைக் காட்டினார். அவர்கள் முகம் கோணிற்று. ஒருவர் சிரித்தேவிட்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார்கள்.

“இன்னா சொன்னீங்க ஐயா?” என்று கேட்டேன்.

“சுட்ட பறவையில பாதி கைக்குக் கிடைக்காது. சம்புக்குள்ள போய்ச் செத்து அழுகும். அந்தத் தண்ணியிலதான் சாயந்தரம் உங்களுக்கு டீ போடுவாங்கன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.”

இனி அந்தக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால்தான் சயனைட் வேலை இங்கே வந்திருந்தது. மில்லில் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற மணலில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கும். அதை ஒரு மருந்துத் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்தெடுப்பார்கள். வேலை முடிந்த தண்ணீரும் சேறும் மேட்டில் மண் அணை கட்டிய குட்டையில் கிடக்கும். அப்படி ஒரு குட்டை எங்கள் வரத்துக் கால்வாய்க்கு மேலே இருந்தது. எந்த மில் என்பது இங்கே வேண்டாம். அங்கே உழைத்தவர்களின் பிள்ளைகள் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்து, லைன் கிணறுகள் எல்லாம் வறண்டு, சின்ன ஏரியை நம்பித்தான் அத்தனை குடும்பமும் இருந்தது. ஏரியிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். சித்திரை முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாகக் கோடை மழை பிடித்தது. மதகு ஏற்கனவே சாத்தியாகிவிட்டது. ஏரிக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் கரை ஏறியதும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. சம்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு அடி வைத்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். கால்வாய் வந்து சேருகிற இடத்திலிருந்து நடு ஏரி வரைக்கும் மீன் வெள்ளை வெள்ளையாக மல்லாந்து மிதந்தது. கெண்டை, கெளுத்தி, கை நீளத்துக்கு விரால்கூட. சம்பு ஓரத்தில் தாழைக்கோழிகள் தலையைத் தண்ணீரில் போட்டபடி கிடந்தன. பாறைமேல் ஆண் நீர்நாய் வாயைத் திறந்துகொண்டு செத்திருந்தது. மற்றவை எங்கே என்று தெரியவில்லை.

பச்சையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஐயா வழக்கம்போல வந்தார். படியருகில் நின்று ஏரியை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். கோப்பையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். சாவியை எடுத்து மதகுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சாவியையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பச்சையப்பன், லைனுக்குப் போங்க. தமுக்கு அடிக்கச் சொல்லுங்க. நேத்து பிடிச்சு வெச்ச தண்ணி நல்ல தண்ணி, அத சிக்கனமா வெச்சுக்கணும். ஏரிப் பக்கமோ கால்வாய்ப் பக்கமோ யாரும் வரக்கூடாது. வேலாயுதம், நீங்க என்கூட வாங்க.”

கால்வாயோடு மேலே நடந்தோம். சாம்பல் நிறச் சேறு கால்வாய் முழுக்கப் படிந்திருந்தது. குட்டையின் மண் அணையில் ஒரு மாடு நுழைகிற அளவுக்கு உடைப்பு. இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. மில் ஆட்களைக் கூப்பிட்டு மண் மூட்டை போட்டு அடைக்க வைத்தார். “கால்ல புண்ணு இருக்கிறவங்க இறங்காதீங்க” என்று ஒவ்வொருவனின் காலையும் பார்த்த பிறகுதான் விட்டார்.

நாங்கள் திரும்புவதற்குள் ஜனம் கூடிவிட்டது. முக்கால்வாசிப் பெண்கள், இடுப்பில் காலிக் குடத்தோடு. தமுக்கு அடித்ததே அவர்களைக் கிளப்பிவிட்டது. முன்னால் நின்றவள் என் வீட்டுக்காரி முனியம்மா. எங்கள் மகள் அஞ்சலை அப்போது சின்னக் குழந்தை. நாலைந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

“இன்னாய்யா நெனச்சுக்கினு கீறீங்க?” என்று முனியம்மா ஐயாவைப் பார்த்தே கேட்டாள். “எங்கொழந்த காயலால தண்ணி தண்ணின்னு கத்துது. தோ, கண்ணுக்கு எதிர ஏரி கீது. பூட்டப் போட்டுக்கினு கொட புடிச்சுக்கினு நிக்கிறீங்களே, ஒங்களுக்குப் புள்ள குட்டி இல்லியா? ஒங்க வேலூரு சாமி இதத்தான் சொல்லிக் குடுத்துச்சா?”

நான் “வாய மூடு” என்று முன்னால் போனேன். ஐயா என் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஆட்கள் சிலர் வேலியைத் தாண்டி இறங்கி மீன் பொறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை மீனைக் கண்ணெதிரே விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று மணல் தொட்டியில் குறவை மீன் விட்டு வைத்திருந்தோம். அந்தத் தொட்டியில் முந்தின நாள் தண்ணீர்தான் இருந்தது. அதில் ஒன்றைப் பிடித்து வரச் சொன்னார். ஒரு சட்டியில் ஏரித் தண்ணீரை மொண்டு, எல்லோரும் பார்க்கக் கரைமேல் வைத்து, மீனை விட்டார். குறவை சேற்றில்கூட உயிரை வைத்துக்கொண்டு கிடக்கிற மீன். அது ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே எகிறப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, அடங்கிவிட்டது.

வேலிக்குள் இறங்கியவர்கள் தாங்களே ஏறி வந்தார்கள். கையில் இருந்த மீனைக் கீழே போட்டுக் கையை மண்ணில் தேய்த்தார்கள்.

முனியம்மா சட்டியை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் தாழ்ந்து கேட்டாள். “சரிய்யா. இத குடிக்கக் கூடாது. அப்போ இன்னாத்த குடிக்கிறது?”

ஐயா அந்தக் காலிக் குடங்களைப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பகலில் மில் துரை குதிரையில் வந்தார். தங்கத்தின் தரம் பார்க்கிற அசே ஆபீஸ் கெமிஸ்ட்டும் வந்தார். அவர் சின்ன வயசு வெள்ளைக்காரர், கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டு, மறுபடி வந்து தலையை ஆட்டினார். குடிக்க முடியாது, வெயில் பட்டுப் பட்டு விஷம் தானாகக் குறையும், ஆனால் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாராம். துரையும் ஐயாவும் வெகு நேரம் இங்கிலீஷில் பேசினார்கள். துரை சாட்டையால் கோடிப் பக்கம் காட்டிக் காட்டிப் பேசினார். ஐயா குடையைக் கையில் பிடித்தபடி, நேராக நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். துரை முகம் சிவந்து குதிரையைத் திருப்பினார்.

“கோடியை வெட்டி விடணுமாம்” என்றார் ஐயா என்னிடம். “விஷத் தண்ணி மொத்தமும் போயிடும், அடுத்த மழைக்கு நல்ல தண்ணி நிக்கும்னு சொல்றாரு.”

“போனா எங்க போகும் ஐயா?”

“கீழ ஊர் ஏரிக்குத்தான். அங்க மாடு குடிக்கும், மனுஷன் குடிப்பான்.” கொஞ்சம் நடந்த பிறகு, “முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அன்று பிற்பகல் என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். தெலுங்கு பேசுகிற குடியானவர்கள். ஊர்த் தலைவரான பட்டேல் நாராயணப்பா களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தார். மைன்ஸ்காரர்கள் என்றாலே அவர்களுக்குப் பிடிக்காது. மலையும் போச்சு, மரமும் போச்சு, மேய்ச்சலும் போச்சு என்ற கோபம். ஐயா சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார்.

பட்டேல் முறத்தைக் கீழே வைத்தார். “அப்போ ஒங்க விஷம் எங்க தலைமேல நிக்குது.”

“நிக்குது. அதச் சொல்லத்தான் வந்தேன். வெட்டி விடச் சொல்றாங்க. நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். ஆனா பெரிய மழை வந்தா ஏரி தானே வழியும். அத என் ஒருத்தனால தடுக்க முடியாது. மாடுகளக் கோடிக் கால்வாய்ப் பக்கம் விடாதீங்க. ஆளுங்கள அனுப்பினீங்கன்னா கோடிய உசத்திக் கட்டிடலாம்.”

பட்டேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத எங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல.”

பட்டேல் கேட்டார். “ஒங்க லைன் ஜனங்க இப்போ என்ன குடிக்கிறாங்க?”

ஐயா தலை குனிந்துகொண்டார். பட்டேல் முறத்தை மறுபடி கையில் எடுத்தார்.

மறுநாள் காலை கோடிக்குக் கடப்பாரையோடு ஒரு கூட்டம் வந்தது. மில் துரை அனுப்பிய ஆட்கள். வந்தவர்கள் அங்கே கண்டது கூடையும் மண்வெட்டியுமாகக் கோடிமேல் மண் அணை போட்டுக்கொண்டிருந்த கிராமத்தாரையும் எங்களையும். ஐயா கோடிக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மில் ஆட்களின் மேஸ்திரி குடியாத்தத்துக்காரன், எனக்குத் தெரிந்தவன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். “நாங்க வர்ச்சொல்லவே இங்க ஜனம் கூடிக்கினு இருந்துச்சுன்னு சொல்லிடறோம்” என்று சொல்லி ஆட்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதே காலையில்தான் லைன் பக்கமிருந்து பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. ஏதோ விபரீதம் என்று என் மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். மேட்டுப் பாதையில் மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. வண்டிகளில் அண்டா, பானை, பீப்பாய், சாணி மெழுகிய கூடைகூட. கிராமத்துக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலையால் இறைத்த தண்ணீர். ராகி நாற்றுக்கு வைத்திருந்த தண்ணீர் அது. முதல் வண்டியை பட்டேல் தானே ஓட்டி வந்தார். முனியம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன்.

அந்த வண்டிகள் ஏரி தெளிகிற வரைக்கும் தினமும் வந்தன. அஞ்சலைக்குக் காய்ச்சல் விட்டது. லைனில் தாகத்தால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஏரியில்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது. திட்டில் நாரைக் குஞ்சுகள் இறக்கை முளைக்கிற பருவம். தாய் தகப்பன் நாரைகளில் பல அந்த மீனைத் தின்று செத்துப்போயிருந்தன. தூரத்துப் பாலாற்றுக்கு மேயப் போன சில மட்டும் தப்பின. மற்றக் கூடுகளில் குஞ்சுகள் பசியில் கத்தின. திட்டுக்குப் போகப் படகு இல்லை. போனாலும் கொடுக்க என்ன இருந்தது? ஷாஃப்டில் பாறை விழுந்து ஆள் கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். அதைக்கூடக் கேட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கரையில் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அது குறைந்துகொண்டே வந்தது. பச்சையப்பன் காதில் துணியை அடைத்துக்கொண்டான். ஐயா மட்டும் தினமும் காலையில் வந்து, அந்தச் சத்தம் வருகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

பிறகு ஒரு மத்தியானம் பெரிய மழை வந்தது. முந்தைய மழையெல்லாம் இதற்கு முன்னால் வெறும் தூறல். ஏரி கண்ணெதிரே ஏறியது. கிராமத்தார் பாதிப் பேர் கூப்பிடாமலே ஓடி வந்து சேர்ந்தார்கள். கோடிமேல் கட்டிய மண் அணை கரைய ஆரம்பித்தது. மூட்டை, கல், வேரோடு பிடுங்கிய செடி, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டோம். தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டு, யார் யாருக்குக் கூடை கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தோம். ஐயா குடையை எறிந்துவிட்டுக் கோட்டோடு மண் சுமந்தார். தண்ணீர் அணையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. மழை விட்டது.

கோடிக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. இந்தப் பக்கம் திட்டின் தாழ்ந்த கிளைகள் எல்லாம் முழுகியிருந்தன. உயிரோடு மிஞ்சியிருந்த கூடுகளில் சில அந்தக் கிளைகளில்தான் இருந்தன. ஐயா அதைப் பார்த்தார். அணையை உயர்த்தும்போதே அவருக்கு அது தெரிந்திருக்கும்.

அந்த மழைத் தண்ணீர் கலந்தும், வெயில் பட்டும் ஏரி தெளிந்தது. கெமிஸ்ட் வந்து வந்து பார்த்து, “இன்னும் இல்லை” என்று பல தடவை சொல்லி, ஒரு நாள் “சரி” என்றார். அன்று ஐயா முதலில் குறவை மீனை விட்டுப் பார்த்தார். பிறகு தானே குடித்தார். சாவி என் கைக்கு வந்தது. வண்டிகள் நின்றன.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவில்லாமல் தண்ணீரை நிறுத்தினார், மைன்ஸ் விஷயத்தை வெளியாரிடம் போய்ச் சொன்னார், வெளியாரை உள்ளே விட்டார் என்று மில் துரை குற்றம் சொல்லியிருந்தார். மூன்றும் உண்மைதான். ஐயா மறுக்கவில்லை.

ஊரிகம் ஸ்டேஷனுக்கு நானும் பச்சையப்பனும் போனோம். பட்டேல் நாராயணப்பாவும் நாலைந்து குடியானவர்களும் வந்திருந்தார்கள். வண்டி கிளம்புகிற சமயம் பட்டேல் ஜன்னலில் கை வைத்து, “மா செருவு பிரதிகிந்தி, ஐயா” என்றார். எங்கள் ஏரி பிழைத்தது என்று அர்த்தம். ஐயா அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் கிளுவைகள் வந்தன. சம்பு மறுபடி தழைத்தது. மீனை நாங்களே பேத்தமங்கலத்திலிருந்து கொண்டுவந்து விட்டோம். நாரைகள் வரவில்லை. அடுத்த வருஷமும் திட்டு வெறுமையாக இருந்தது. நான் ஏரி மேஸ்திரி ஆகியிருந்தேன். திட்டுப் பக்கம் பார்க்காமல் சுற்றி வரப் பழகிக்கொண்டேன். அதற்கும் பிறகு ஒரு நாள், வாயில் சுள்ளியோடு ஒரு நாரை கருவேல மரத்தில் இறங்கியது.

நாரை திரும்பி வந்த கோடையில் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். போகிற வழியில் முனியம்மா தானாகவே, “வேலூரு போயி அவரப் பாத்துட்டுப் போலாம்” என்றாள். அஞ்சலையும் கூட வந்தாள். விசாரித்துக்கொண்டு போனோம். கோயில் தெருவில் சின்ன வீடு. ஐயா கட்டிலில் இருந்தார். இருமல் அவரைப் பாதி ஆளாக்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “வாங்க, வாங்க” என்றார்.

முனியம்மா உட்காரவில்லை. “அன்னிக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேங்க” என்றாள். “ஒங்க சாமியக்கூட இழுத்துட்டேன்.”

“கொழந்தைக்குத் தண்ணி கேட்டீங்க. சண்ட போட்டுத்தானேம்மா கேக்கணும்?” என்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். “இந்தப் பொண்ணா?”

“இவதாங்க.”

அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் போய்விட்டாள்.

கீழே இருக்கிற ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டார். நெல் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பட்டேலைக் கேட்டார். பேரன் பிறந்திருக்கிறான் என்றேன். பிறகு போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். திட்டைப் பற்றிக் கேட்க அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. நானே சொன்னேன்.

“நாரைங்க வந்துட்டுதுங்க ஐயா. மரம் பூரா கூடு. குஞ்சு பொரிச்சிருக்குது.”

அவர் என்னையே பார்த்தார். “கத்துதுங்களா?”

“கேக்காதீங்க. விடியக் கால ஆரம்பிச்சா ஓயறதில்ல. லைன்ல தூங்க முடியலன்னு எல்லாரும் என்னத்தான் திட்டறாங்க.”

அவர் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு இருமலாக மாறியது. முனியம்மா ஓடிப்போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் நின்ற பிறகும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.